ஒற்றைப்படை அரிசி, இரட்டைப்படை அரிசி

நம்ம இலக்கிய மேடைகளில் எப்போது சொன்னாலும் கைதட்டல் வாங்கித் தரும் வாக்கியம் ஒன்று உண்டு. "அவர்கள் வெறும் எண்கள் அல்ல, மனிதர்கள்." தோட்டப்புற நாவல் வெளியீடா, சயாம் மரண ரயில் நினைவுக் கூட்டமா, கோவிட் காலச் சிறுகதைத் தொகுப்பா, எங்கேயாவது ஓரிடத்தில் இது வந்துவிடும். எண் என்றால் ஈரமில்லாதது, அதிகாரத்தின் கையில் இருப்பது. கதை என்றால் ஈரமுள்ளது, நம் கையில் இருப்பது. இந்தப் பாகப்பிரிவினையை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. இங்கே கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இரண்டு வருடம் இருந்தேன். இப்போது ஒரு பல்கலைக்கழக மருத்துவ ஆய்வுக் குழுவில் உயிர்ப்புள்ளியியல் வேலை. வீட்டில் கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஏதோ கணக்கு போடுறான்" என்பார்கள். மருத்துவர்கள் சிலரும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறார்கள். தரவெல்லாம் சேர்த்து முடித்தபிறகு எக்செல் கோப்பை அனுப்பி, "பி மதிப்பு மட்டும் எடுத்துக் கொடுங்க தம்பி" என்று கேட்பார்கள்.

உண்மையில் இந்த வேலையின் பெரும்பகுதி, ஓர் எண்ணைப் பார்த்ததும் இரண்டு கேள்விகளைக் கேட்பதுதான். முதலாவது: இவர்களை யாரோடு ஒப்பிட்டீர்கள்? இரண்டாவது: இந்தக் கணக்கில் வராமல் போனவர்கள் யார்? மருந்து சாப்பிட்ட நூறு பேரில் எண்பது பேர் குணமானார்கள் என்றால், சாப்பிடாதவர்களில் எத்தனை பேர் குணமானார்கள் என்று தெரியும்வரை அந்த எண்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நூறு பேரோடு தொடங்கியதாகச் சொல்கிறீர்களே, பாதியில் வராமல் நின்றவர்களைச் சேர்த்தீர்களா, விட்டுவிட்டீர்களா? அவர்கள் குணமாகி நின்றார்களா, இறந்து நின்றார்களா? தமிழ்ப்பள்ளியில் பின்னம் படித்தபோது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிக் கொடுத்தார்கள். என் சம்பளம் முக்கால்வாசி அந்தப் பகுதியை நோண்டுவதற்குத்தான். நல்ல விமர்சகர் ஒரு நாவலிடம் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விகள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதனால் ஒரு நாவலை வாசிப்பதுபோல ஒரு மருத்துவக் கட்டுரையை இங்கே வாசிக்கப் போகிறேன். 1907இல் 'லான்செட்' இதழில் வந்தது. எழுதியவர் வில்லியம் ஃபிளெட்சர், கோலாலம்பூரில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர். பொருள், அரிசியும் பெரிபெரி நோயும். சில பக்கங்கள்தான். நம் நாட்டில் நடந்து, உலக மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்த ஆய்வு. தமிழர்களும் இதன் பின்னணியில் இருக்கிறார்கள், ஓர் ஓரத்தில்.

பெரிபெரி வந்தவருக்கு முதலில் கால் மரத்துப்போகும், நடை தளரும். சிலருக்கு உடம்பு நீர்கோத்து வீங்கும். இதயத்தைத் தொட்டுவிட்டால் சாவு சட்டென்று வரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களை இது வாரிக்கொண்டு போனது. சிறைகளிலும் காப்பகங்களிலும் அதே கதை. காரணம் தெரியாது. அது கிருமிகளைத் தேடிப் பிடித்த காலம். காசநோய்க்கும் காலராவுக்கும் கிருமி கண்டுபிடித்தாயிற்று, இதற்கும் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று பலர் நம்பினார்கள். இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் விஷம், ஈரத் தரை, நெரிசல் என்று ஆளுக்கொரு விளக்கம்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் லியோனார்ட் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். ஒரே வட்டாரம், ஒரே வெயில், ஒரே மழை. சீனர்களுக்கு பெரிபெரி வருகிறது. தமிழர்களுக்கு அநேகமாக வருவதில்லை. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் அப்படித்தான். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. மலாய்க்காரர்கள் தாங்கள் விளைத்த நெல்லை அவ்வப்போது குத்திச் சமைத்தார்கள். தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல். இன்றைக்கும் பினாங்கு லிட்டில் இந்தியா மளிகைக் கடை வாசலில் மூட்டை மூட்டையாக நிற்கிறதே, அதேதான். பிராடன் தன் வாதத்தை 1907இல் நூலாகவே வெளியிட்டார். பழசாகிப்போன வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் சேர்கிறது என்பது அவருடைய விளக்கம். அந்த விளக்கம் பின்னால் அடிபட்டுப் போனது. கவனித்தது மட்டும் நின்றது.

ஆனால் கவனித்தது மட்டும் போதுமா? இங்கேதான் என் முதல் கேள்வி வருகிறது. தமிழர் சீனரிடமிருந்து அரிசியில் மட்டுமா வேறுபட்டார்? ஒருவர் தோட்டத்தில், ஒருவர் சுரங்கத்தில். சோற்றோடு சேர்ந்த குழம்பு வேறு, பருப்பு வேறு, தங்கிய இடம் வேறு, சாப்பிட்ட நேரம் வேறு. "தமிழன் உடம்பு வாகே அப்படி, பெரிபெரி ஒட்டாது" என்று அன்றைக்கு ஒரு துரை சொல்லியிருந்தால், பிராடனின் கவனிப்பை மட்டும் வைத்து அவருக்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. இனத்தை வைத்து எல்லாவற்றையும் விளக்கிப் பழகிய ஆட்சியில் அந்தப் பதில் எவ்வளவு சுலபமாக எடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபிளெட்சர் செய்தது இதைப் பிரித்தெடுக்கும் வேலை. 1905 டிசம்பரில், கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தின் சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து, இடது பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்கு. அவர்களுக்குப் பழையபடி சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை விழுந்தவர்கள் மேற்குப் பக்கத்துக்கு. அவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல். கட்டடங்கள் இரண்டும் ஒன்றுபோல. அரிசியைத் தவிர மற்ற உணவும் ஒன்றுபோல. பிறகு வந்து சேர்ந்தவர்களும் இப்படியே இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து வந்த கணக்கு இது. வெள்ளை அரிசி சாப்பிட்டவர்கள் 120 பேர். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு பெரிபெரி, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்டவர்கள் 123 பேர். அவர்களில் இருவருக்கு மட்டும் பெரிபெரி. அந்த இருவரும் காப்பகத்துக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை.

தற்செயலாக 18 சாவும் வெள்ளை அரிசிப் பக்கமே விழுந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு. ஃபிளெட்சரிடம் இந்தக் கணக்கு முறை கிடையாது, அது பிறக்க இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. ஆனால் என் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. ஒவ்வொருவர் சாவும் தனித்தனி நிகழ்வு என்று வைத்துக்கொண்டால்தான் இது செல்லும். ஒருவேளை பெரிபெரி தொற்றுநோயாகவோ, கட்டடத்தின் நோயாகவோ இருந்தால்? ஒரே கட்டடத்தில் அடைந்து கிடப்பவர்களுக்கு வந்தால் எல்லாருக்கும் வரும், வராவிட்டால் ஒருவருக்கும் வராது. அப்போது நம் கையில் இருப்பது 243 பேர் இல்லை, இரண்டே இரண்டு கட்டடங்கள். பத்து லட்சமாவது, ஒன்றாவது. ஃபிளெட்சர் இதை உணர்ந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு வியப்பு. இடையில் அவர் இரண்டு பிரிவினரையும் கட்டடம் மாற்றி வைத்தார். அரிசியை மாற்றவில்லை. நோய் கட்டடத்தில் தங்கவில்லை, அரிசியின் பின்னாலேயே போனது. என் கணிப்பொறி தரும் பி மதிப்பைவிட இந்த ஒரு நகர்த்தலுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

முடிவுரையிலும் மனிதர் அடக்கமாகவே இருக்கிறார். அரிசியில் விஷம் இருக்கலாம், சத்துக் குறைவு இருக்கலாம், அல்லது சத்தில்லாத சோற்றால் பலவீனமான உடம்பில் வேறொரு கிருமி புகலாம் என்று மூன்று வழிகளையும் திறந்து வைக்கிறார். தன் ஆய்வு எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்று தெரிந்த எழுத்து. நம் விமர்சனக் கட்டுரைகளில் இந்தக் குணத்தை எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறோம்?

சரி, இப்போது எதிர்த் தரப்பையும் பேசிவிடுவோம். மனிதர்களை வரிசையில் நிறுத்தி எண்ணாக்கிய காட்சி, மேடைப் பேச்சுக்கு அல்வா மாதிரி. அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் மறுக்க முடியாத இடத்தில்தான் அவர்கள் இருந்தார்கள். காப்பகம், சிறை, தோட்டம் என்று வெளியே போக முடியாத மனிதர்களைத் தேடித்தான் அன்றைய ஆய்வுகள் போயின. இன்றைக்கு இப்படி ஓர் ஆய்வு நடந்தால், ஆய்வாளரிடமிருந்து விலகி நிற்கும் ஒரு கண்காணிப்புக் குழு அவ்வப்போது கணக்கைத் திறந்து பார்க்கும். சாவுகள் ஒரே பக்கம் சேர்கின்றன என்று தெரிந்ததும் நிறுத்தச் சொல்லும். ஒற்றைப்படைக்காரர்களுக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை.

ஆனால் அதே கணக்கின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். புழுங்கல் சாப்பிட்ட 123 பேரில், வெள்ளை அரிசி கிடைத்திருந்தால் இறந்திருக்கக்கூடியவர்கள் சுமார் பதினெட்டுப் பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் யார் யார்? யாராலும் சொல்ல முடியாது. அவர்களுக்கே தெரியாது. இறந்தவனைப் பற்றி ஒரு கதை எழுதலாம். பிழைத்தவனைப் பற்றியும் எழுதலாம், அவனுக்குத் தான் பிழைத்தது தெரிந்திருந்தால். சாக வேண்டிய இடத்தில் சாகாமல், அது தெரியாமலேயே தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்த மனிதனைக் கதையால் பிடிக்க முடியுமா? இரண்டு வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது மட்டும்தான் அவன் தெரிகிறான். அவனுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை. ஆனால் அவன் இருந்தான். 'வெறும் எண்' என்று நாம் தள்ளும்போது அவனையும் சேர்த்துத்தான் தள்ளுகிறோம்.

ஃபிளெட்சரின் முறையில் ஒரு பலவீனமும் உண்டு. ஒற்றை, இரட்டை என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிற வரிசை. அடுத்து வருபவர் எந்தப் பக்கம் போவார் என்று தெரிந்தால், பிரிப்பவர் மனசு அறிந்தோ அறியாமலோ விளையாடும். அதனால்தான் பிற்காலத்தில் குலுக்கல் முறை வந்தது. லண்டனில் பிராட்ஃபோர்ட் ஹில் அதை ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் பயன்படுத்தினார், முடிவு வந்தது 1948இல். அடுத்த பத்தாண்டுக்குள் அதே முறை சென்னைக்கு வந்தது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஏழைக் காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு, மருந்து. இன்னொரு பகுதியினருக்கு மருந்து மட்டும். மற்றபடி அதே நெரிசலான வீடு, அதே அரைவயிற்றுச் சாப்பாடு. 1959இல் முடிவு வெளிவந்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் குணமாகியிருந்தது. வீட்டிலிருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. காற்றும் ஓய்வும் இல்லாமல் காசம் போகாது என்ற நெடுங்கால மருத்துவ நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. படுக்கை கிடைக்காத கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கலாம் என்ற தைரியம் உலகத்துக்கு இந்த அட்டவணையிலிருந்து வந்தது. அந்த மையத்தின் கட்டுரைகளில் மருத்துவர்களோடு சேர்ந்து எஸ். ராதாகிருஷ்ணா என்ற புள்ளியியலாளரின் பெயரும் வருகிறது. அந்தப் பெயரைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் முதுகு நிமிரும்.

அரிசிக்குத் திரும்புவோம். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, வெள்ளையும் புழுங்கலும் கொடுத்து, பிறகு அரிசியை மாற்றியும் பார்த்து, ஃபிளெட்சரின் முடிவை உறுதி செய்தார்கள். அடுத்து, தீட்டும்போது கழிந்துபோகும் தவிட்டைக் கோழிகளுக்குக் கொடுத்து, பாதுகாப்பு அந்தத் தவிட்டில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். ஜாவாவில் ஐக்மனும் வோர்டர்மனும் 1890களிலேயே இதே திசையில் போயிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தவிட்டிலிருந்த அந்தப் பொருளுக்குப் பின்னால் தயமின் என்று பெயர் வந்தது, வைட்டமின் பி1. 1936இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் தண்ணீரில் கரைந்து மணிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் நல்ல பங்கு உள்ளேயே தங்கும். புழுங்கலின் ரகசியம் இவ்வளவுதான்.

இந்த இடத்தில் உங்கள் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வருவதை நான் கற்பனை செய்கிறேன். "புழுங்கல் அரிசியின் அறிவியலை அன்றே அறிந்த தமிழன்! நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை!" காலனிய மருத்துவர்களுக்கு மட்டும் பெயர் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் எனக்கும் புரிகிறது. ஆனாலும் பகுதியைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஃபிளெட்சர் பயன்படுத்திய புழுங்கலே வங்காளத்துச் சரக்கு. புழுக்குவது தமிழனுக்கு மட்டும் சொந்தமான கலை இல்லை. நம்மவர்கள் புழுக்கியதற்கு நடைமுறைக் காரணங்கள் இருந்தன: உமி சுலபமாகப் பிரியும், குத்தும்போது மணி உடையாது, அரிசி நாள்பட நிற்கும். பச்சரிசியை உயர்வாக நினைத்த சாதிகளும் தமிழ்நாட்டில் உண்டே. அதே சென்னை மாகாணத்தின் வடகோடியில், தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட மக்களிடம் பெரிபெரி நிலைகொண்டிருந்தது. குன்னூர் ஆய்வுக்கூடத்திலிருந்த மெக்கரிசனும் பிறகு அய்க்ராய்டும் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். முன்னோர்கள் முட்டாள்கள் இல்லைதான். ஆனால் வைட்டமினை அறிந்தவர்களும் இல்லை. ஒரு நல்ல பழக்கம் தன் காரணத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தெரியாமல் வைத்திருக்கும் பழக்கத்தை எவனாவது வந்து பிடுங்கும்போது மட்டும் அது ஆபத்தாகிறது.

அதற்கு முன் இன்னொரு கணக்கு. பெரிபெரி அட்டவணையில் தமிழன் ஆரோக்கியமானவன். மலேரியா அட்டவணையில்? கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், தோட்டம் தோட்டமாகப் போய்க் குழந்தைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். பெரும்பாலும் நம் லயத்துக் குழந்தைகள். அந்த எண்களை வைத்துத்தான் சமதளத் தோட்டங்களில் காட்டை வெட்டி நீரை வடித்தால் மலேரியா இறங்குகிறது, மலையோரத் தோட்டங்களில் அப்படிச் செய்தாலும் இறங்கவில்லை என்று கண்டுபிடித்தார். இரண்டு இடத்திலும் கொசுவே வேறு. ஆக, 'தமிழர்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள்' என்று ஒற்றை வரியில் எழுதும் எந்த வரலாறும், எந்த நோயில், யாரோடு ஒப்பிட்டு என்று சொல்லியாக வேண்டும். காய்ச்சலில் படுத்ததும் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, எங்கோ வழியில் இறந்தவர் எந்தத் தோட்டத்துக் கணக்கில் வருவார் என்றும் கேட்டாக வேண்டும்.

என் இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டோம். 1942, 43. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஆசை காட்டியும், பிடித்தும் கொண்டுபோனார்கள். காலரா, வயிற்றுப்போக்கு, மலேரியா, ஆறாத புண். இவற்றோடு பெரிபெரியும். அங்கே கிடைத்தது தீட்டிய அரிசிச் சோறு, அதுவும் போதாமல். 1906இல் எந்த நோய் ஒட்டாதவர்கள் என்று தமிழர்கள் கவனிக்கப்பட்டார்களோ, அதே நோயில் 1943இல் அவர்கள் வீங்கிச் செத்தார்கள். இனம் மாறவில்லை. அரிசி மாறியது. ஃபிளெட்சரின் முடிவுக்கு இதைவிடக் கொடூரமான சாட்சி வேண்டியதில்லை. கோலாலம்பூரில் கண்டுபிடித்து முப்பத்தைந்து வருடமான உண்மை, கோலாலம்பூரிலிருந்து ரயிலேற்றப்பட்டவர்களுக்கு உதவவில்லை. போர்க்கைதி முகாம்களில் இருந்த மருத்துவர்களுக்குத் தவிட்டின் அருமை தெரியும். அதைத் தேடிப் பிடித்துத் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்தார்கள். தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் மருத்துவரே கிடையாது. 1943 நடுவில்தான் சிங்கப்பூரிலிருந்த போர்க்கைதிகளில் சில மருத்துவக் குழுக்கள் அங்கே அனுப்பப்பட்டன.

இப்போது எண்களைப் பாருங்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேல், இறந்தவர்கள் சுமார் 12,000. காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, புல் வெட்டி, பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்து. ஆசியத் தொழிலாளர்களுக்கு வரும்போது எண்களே தள்ளாடத் தொடங்குகின்றன. இறந்தவர்கள் 90,000 என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. ஒரு நூலில் குறையும், இன்னொன்றில் கூடும். தமிழர்கள் எவ்வளவு என்றால் இன்னும் கலங்கல். மலாயாவிலிருந்து போனவர்கள் பற்றிய கணக்குகளில் 'தப்பியோடியவர்கள்' என்று ஒரு பெரிய பிரிவே இருக்கிறது. காலரா முகாமிலிருந்து, பாஷை தெரியாத காட்டுக்குள், கால் வீங்கிய நிலையில் தப்பியோடியவர்கள். என் வேலையில் இதை 'தொடர்பு விட்டுப்போனவர்கள்' என்போம். அவர்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு வரும் இறப்பு விகிதம் எப்போதும் உண்மையைவிட அழகாக இருக்கும்.

இந்தத் தமிழர்களின் துயரம் அவர்களை எண்ணாக்கியதால் வந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களை யாரும் எண்ணக்கூட இல்லை. காப்பகத்தில் வரிசையில் நின்ற பைத்தியம் என்று ஒதுக்கப்பட்டவனுக்குக் கிடைத்த ஒற்றைப்படை எண்கூட, ரயில் பாதையில் விழுந்த தோட்டத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்கள் இந்த வெற்றிடத்தில்தான் எழுந்தன. எண்ண வேண்டியவர்கள் எண்ணாததால், நாவலாசிரியர்கள் நினைவைச் சேகரித்து வைத்தார்கள். அந்தக் கடனை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்த நாவல்களைப் பேசும் நம் விமர்சனம் ஒரு சோம்பலில் விழுந்திருக்கிறது. கதை இருக்கிறதே, எண் எதற்கு என்ற சோம்பல். கதை திரும்பி வந்தவரின் வாயிலிருந்து வருகிறது. திரும்பாதவர் எத்தனை பேர் என்பதைத் திரும்பியவரின் கதை மட்டும் வைத்து ஒருநாளும் சொல்ல முடியாது. ஒரு நாவல் ஒருவனின் சாவை நம் நெஞ்சில் ஏற்றும். அவனோடு போன இருநூறு பேரில் அது எத்தனையாவது சாவு என்று சொல்ல வேறு வகையான உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்கு நம்மிடம் மேடை இல்லை, கைதட்டலும் இல்லை.

எண் பொய் சொல்லும் என்பார்கள். நன்றாகவே சொல்லும். பி மதிப்புக்காகத் தரவை முறுக்குவதை நான் தினமும் பார்க்கிறேன். கதையும் பொய் சொல்லும், வாட்ஸ்அப் பெருமிதம்போல. இரண்டையும் பிடிக்க வழி ஒன்றுதான். யாரோடு ஒப்பிட்டாய், யாரை விட்டாய் என்று விடாமல் கேட்பது. இலக்கியம் படிக்கிற நமக்கு இந்தக் கேள்வி அந்நியமாகப் பட வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யாராவது உண்டென்றால், அவர் கதையைக் கேட்டு எழுதுங்கள். அதோடு இன்னும் நான்கு விவரம் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், அங்கேயிருந்து மொத்தம் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள். சொல்லக்கூடியவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெயர் தெரிந்தால் பெயரை எழுதுங்கள். பெயர் மறந்துபோயிருந்தால், பரவாயில்லை, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியாவது வையுங்கள்.